கொடுவா தூங்கும் இடம்

ஆற்று வளைவுக்கு இன்னும் ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போதே அவர் எஞ்சினை அணைத்தார்.

உதட்டில் விரலை வைத்தார். தண்ணீரைக் காட்டினார்.

எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர்தான் இருந்தது.

அதனால் என்ன. அடியில் ஒரு கொடுவா மீன் தூங்குகிறது என்று போன மாதமே அவளிடம் சொல்லியாயிற்று. படகு நீளம் இருக்கும். கலங்கரை விளக்கத்தைவிட வயதில் மூத்தது. யாரையும் ஒன்றும் செய்யாது, பாவம். எஞ்சின் சத்தம் மட்டும் அதற்கு ஆகாது. ஒரு தடவை எவனோ அதன் தூக்கத்தைக் கெடுக்கப்போய், அது புரண்டு படுத்தது. அவ்வளவுதான். பரங்கிப்பேட்டைக் கடைத்தெருவில் இறால் துள்ளியது.

இதையெல்லாம் அவர் சிரிக்காமல் சொன்னார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே யானை வழிமறித்ததால்தான் வண்டி தாமதம் என்று வாழ்நாள் பூராவும் சொல்லிப் பழகிய வாய்.

அவள் ‘அப்படியா’ என்றதோடு சரி.

துடுப்பை எடுத்து வலிக்கத் தொடங்கினார்.

உண்மையில் விஷயம் பெட்ரோல்.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கியிருந்தார். வலை கிடையாது. தூண்டில் கிடையாது. ஞாயிறு சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வரை போவார். ஆறு கடலில் சேர்வதைப் பார்த்துவிட்டு இருவரும் திரும்புவார்கள். பக்கத்துப் படகுக்காரர் அஞ்சாப்புலி, இன்றைக்கு என்ன மீன்பாடு டிரைவரே, என்று கேட்பார். காற்று, என்பார் இவர். நல்ல பாடுதான் என்று அஞ்சாப்புலி தன் வலையை உதறப் போய்விடுவார்.

பெட்ரோல் ஏறியது. பிறகு மறுபடியும் ஏறியது.

அவளுக்குத் தெரியக் கூடாது. அவர் கவலை அது ஒன்றுதான்.

ஏனென்றால் விலை ஏறிய எதுவும் அவளுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

மல்லிகை ஏறியபோது, அந்த வாசனைக்குத் தலை வலிக்கிறது என்றாள். தக்காளி ஏறியபோது, ரசத்துக்குப் புளி போதாதா என்றாள். பட்டு ஏறிய வருஷம், பட்டு உடுத்தினால் உடம்பெல்லாம் அரித்தது. விலை என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இப்படியே ஒவ்வொன்றாகப் பிடிக்காமல் போனது போக, மிச்சம் இந்தப் படகுதான்.

பெட்ரோல் விலை காதில் விழுந்தால் போதும். படகில் ஏறினால் தலை சுற்றுகிறது என்பாள். அதோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது.

ஆகவே கொடுவா பிறந்தது.

முதலில் முகத்துவாரத்தில்தான் தூங்கியது. பெட்ரோல் ஏற ஏற, அது ஊர்ப் பக்கமாக நகர்ந்து வந்தது. வயசாகிறது இல்லையா, உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவள் அதற்கும் அப்படியா என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடிய காலத்தில், அவள் தனக்குள் முணுமுணுத்துப் பாடுவாள் என்பது அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. துடுப்பை மெதுவாகவே வலித்தார்.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் மறுபடியும் ஏறியது.

செய்தித்தாளில் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, ஆடாத ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்தார்.

இனி மீன் நகர இடம் இல்லை. வளைவுக்கு இந்தப் பக்கம் படித்துறைதான். படித்துறையில் கொடுவா தூங்குகிறது என்பதைச் சிரிக்காமல் சொல்ல அவராலேயே முடியாது.

ஞாயிறு வந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் எஞ்சின் கயிற்றைப் பிடித்தார்.

அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

“ஏங்க, கயித்த விடுங்க. மீனு நம்ம படித்துறைக்கே வந்து படுத்திருக்கு.”

முகத்தில் சிரிப்பே இல்லை.

அவர் எட்டிப் பார்த்தார்.

தண்ணீர்தான் இருந்தது.

தலைசுற்றலுக்காகக் காத்திருந்தார். இப்போது சொல்வாள். இதோ, இப்போது.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பலகைக்கு அடியில் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் ஒரு துடுப்பு இருந்தது.

அவர் கொண்டுவந்தது ஒரு துடுப்புதான். அது அவர் காலடியில் கிடந்தது.

இதன் கைப்பிடியில் நீலச் சாயம். அஞ்சாப்புலியினுடையது.

கரையில் அஞ்சாப்புலி அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வருமா என்று பார்ப்பவர்போல. வானத்தில் ஒன்றுமே இல்லை.

இவர் படகின் கயிற்றை அவிழ்த்தார். ஆளுக்கொரு பக்கம் வலித்தார்கள். படகு ஒரு வட்டம் அடிக்கும் என்று எதிர்பார்த்தார்.

நேராகப் போனது.

தண்ணீருக்குள் இருந்த மீனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

வளைவு தாண்டியதும் அவள் முணுமுணுக்கத் தொடங்கினாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள்.

உள்ளங்கையில் கொப்புளங்கள்.

பாதி ஆறியிருந்தன.