ஏற்கெனவே வெளியே போனவர்

கோச்சடையில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியின் வாசல் கதவு, கார்டைத் தேய்த்தால்தான் திறக்கும். அந்த நிரலை எழுதியவன் துளசிராம். பிழை வரும் இடத்தில் நிரலை நிறுத்திக் காட்டும் டீபக்கர், ஒன்றுமில்லாததற்கெல்லாம் நின்று அவன் உயிரை வாங்கியது. எரிச்சலில் பிழைப் பட்டியலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, ஒரே வகைக்கு மட்டும் நிற்கச் சொன்னான்: ஏற்கெனவே வெளியே போனவர் மறுபடி வெளியே போவது.

ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். "வாரேண்ணே" என்று அருண்பாண்டி கடைசியாகக் கார்டைத் தேய்த்துப் போனான். யாருக்கும் நிரல் நிற்கவில்லை.

துளசிராம் தேய்த்தான். கதவு திறக்கவில்லை. தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து பார்த்தான்; திரையில் நிரல் நின்றிருந்தது. கார்டு எண் பதினேழு, அவனுடையது. வெளியேறிய நேரம் 5.10.

ஐந்து பத்துக்கு அவன் இதே நாற்காலியில்தான் இருந்தான். நின்ற இடத்திலிருந்து நிரலை மறுபடி ஓடவிட்டான். மறுபடி அதே வரியில் நின்றது.

வில்லாபுரத்தில் இருக்கும் வீட்டுக்கு போன் போட்டான். மனைவி ஹம்சவேணி எடுத்தாள். உள்ளே மாட்டிக்கொண்டதை, வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்தில் சொன்னான். வெளியாட்களிடம் பேசும் தமிழில் அவள் பதில் சொன்னாள்:

"அவரு இப்பத்தான் வந்து காபி குடிச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க யாருங்க பேசுறது?"