திக்காத போன்

“நல்லா ஓடிட்டிருந்த பெட்டியை எதுக்கும்மா நோண்டணும்?”

மாமனார் கையில் போனோடு கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். திங்கட்கிழமை, மணி மூன்று. நான்கு மணிக்கு வெளிநாட்டில் அவர் மகளுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளை அரங்கத்திலிருந்து வீடியோ காலில் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக நேற்றே ஒரு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தார் இவர்.

இப்போது ஒத்திகைக்கு மகளைக் கூப்பிட்டுப் பார்த்தால், அவள் முகம் கட்டம் கட்டமாகி அப்படியே நின்றுவிட்டது.

மருமகள் தரையில் உட்கார்ந்து, வைஃபை ரௌட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துத் தன் லேப்டாப்பில் செருகினாள்.

“இதைச் செஞ்ச கம்பெனி கைகழுவி ரெண்டு வருஷம் ஆச்சு மாமா. உலகத்துல யார் யாரோ சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் பொதுவா வைக்கிற சாஃப்ட்வேர்லதான் இது ஓடுது. பழசுல ஒரு ஓட்டை இருந்தது. யார் வேணும்னாலும் உள்ள புகுந்துடலாம். அதான் நேத்து சாயங்காலம் புது வெர்ஷன் ஏத்தினேன்.”

“ஏத்தினதும் வைஃபையே காணாமப் போச்சே!”

“அது முதல்ல அணைஞ்சுதான் இருக்கும். நாமதான் போடணும். போட்டதும் வந்துடுச்சே.”

“வந்து என்ன? என் போன் திக்குதே! ஓசியில வந்ததை ஏத்தினா இப்படித்தான். பெரிய இன்ஜினியரம்மா!”

அந்த ‘இன்ஜினியரம்மா’வை அவர் இழுக்கிற இழுப்பே தனி.

மருமகளுக்குத் தினமும் நான்கு மணிக்கு ஆபீஸ் வீடியோ மீட்டிங். தினமும் திக்கும். “கேக்குதா? இப்ப கேக்குதா?” என்று அவள் தொண்டை வறளக் கத்துவாள். அதே நேரம் அடுத்த அறையில் மாமனார் மகளோடு பேசிக்கொண்டிருப்பார். அங்கே படமும் குரலும் துளி பிசகாது.

“என் பொண்ணு வாங்கிக் கொடுத்த போன். இந்த வீட்டுல எல்லாம் திக்கும், இது மட்டும் திக்காது. கம்ப்யூட்டர் படிச்சவளுக்கே திக்குதுன்னா பாத்துக்குங்க!”

வீட்டுக்கு வருகிற ஒருவரையும் அவர் இதைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. மூன்று வருஷமாக இதே பெருமை. மருமகள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

“போன் பழசாயிடுச்சோ என்னவோப்பா” என்றான் மகன், தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து.

“வாயை மூடுடா!”

மருமகள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தாள். சேனலை மாற்றினாள். அணைத்துப் போட்டாள். கடைசியாக ஒரு பக்கத்தைத் திறந்தவள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் காலியாக இருந்தது.

“போன்ல ஒண்ணும் இல்ல மாமா. ஒரு செட்டிங் விட்டுப்போச்சு. பழசைப் புதுசு ஏத்துக்கல. கையால டைப் அடிக்கணும். நீங்க போய் சட்டையைப் போடுங்க.”

அவர் உள்ளே போனார். அவள் கணவனைக் கூப்பிட்டாள்.

“உங்க கம்ப்யூட்டர்ல பழைய செட்டிங் எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். அதுல பன்னெண்டு எழுத்துல ஒரு அடையாள நம்பர் இருக்கும். அதை மட்டும் படிங்க.”

அவனுக்கா வாய் சும்மா இருக்கும்? மேலேயிருந்து படித்தான்.

“‘முதல் இடம், மாமா போன். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி.’ என்னது இது? தேதியைப் பாத்தா மூணு வருஷம் ஆச்சு!”

“நம்பரைப் படிங்க.”

“இரு. அப்போ அப்பா பேசறப்போ நெட்டு முழுக்க அவருக்குப் போயிடும். நாலு மணிக்கு உன் மீட்டிங் திக்கறது...”

“அப்பாவுக்கும் பொண்ணுக்கும் பேசக் கிடைக்கறது அந்த ஒரு மணி நேரம்தானே.”

“ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“பொண்ணு வாங்கிக் கொடுத்த போன்னு எவ்வளவு சந்தோஷமா சொல்லிக்கறார். அதைப் போய்க் கெடுக்கணுமா?”

“இன்னிக்கு மீட்டிங்ல நீதானே பேசணும்? ஆறு மாச வேலையைப் பெரியவங்க முன்னாடி காட்டணும்னியே?”

“சமாளிச்சுக்கறேன். படிங்க, நேரமாகுது.”

உள் அறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த மாமனாரின் விரல்கள் நின்றுபோயின.

நான்கு மணி. போனில் அரங்கம் பளிச்சென்று விரிந்தது. மகள் பெயரைச் சொன்னார்கள். அங்கியின் மடிப்பு கூடத் தெரிந்தது. அவள் மேடையேறியபோது இவரும் எழுந்து நின்றார். நெஞ்சு நிமிர்ந்தது, கண் நிறைந்தது.

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. “கேக்குதா சார்? இப்ப கேக்குதா?”

மூன்று வருஷமாக அவர் கேட்டுச் சிரித்த குரல்தான். இன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மகள் பட்டத்தோடு இறங்கி வந்து மாப்பிள்ளையிடமிருந்து போனை வாங்கினாள். “அப்பா! தெளிவா தெரிஞ்சுதா?”

“துளி கூடத் திக்கலம்மா.”

“நான் வாங்கிக் கொடுத்த போனாச்சே!”

“போன் இல்லம்மா, உங்க அண்ணி. ராத்திரி விவரமா சொல்றேன். இப்ப வெச்சுடறேன்.”

“என்னப்பா, இன்னும் போட்டோ எல்லாம் இருக்கு, அதுக்குள்ள வெக்கறீங்க?”

“வெச்சுடும்மா! நான் பேசிட்டிருந்தா அவளுக்குத் திக்கும்” என்றார், மூன்று வருஷப் பெருமையெல்லாம் குரலில் ஏற. “அடுத்த ரூம்ல எங்க வீட்டு இன்ஜினியரம்மா பேசிட்டிருக்கா!”