ட்ரென்ட்டின் முழங்கால்

"சிரிக்காத கீத். இந்த மாதிரி டீம்தான் அசந்த நேரம் பார்த்துக் காலை வாரும்," என்றார் மெர்வ்.

கீத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையிலிருந்த சாசேஜ் ரோலிலிருந்து தக்காளி சாஸ் சட்டையில் சொட்டியது. அதைத் துடைக்காமலே சிரித்தார்.

மெர்வின் காரின் மூக்கு மைதான வேலியை இடித்துக்கொண்டு நின்றது. சனிக்கிழமை மதியம் மிண்டாராவில் எல்லாக் கார்களும் அப்படித்தான் நிற்கும். மழை தூறினாலும் உள்ளே உட்கார்ந்து, கையாலும் காலாலும் ஆடுகிற எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டத்தைப் பார்க்கலாம். நம் ஆள் கோல் போட்டால் ஹாரனை அழுத்தலாம். இந்த இரண்டு கிழவர்களும் சிறு வயதிலிருந்தே கூட்டாளிகள். மெர்வ் அணித் தேர்வுக் குழுவின் தலைவர். கீத் எந்தக் குழுவிலும் இல்லை, அதனால் எல்லாக் குழுவுக்கும் யோசனை சொல்வார்.

வரப்போகும் எதிரணி பக்கத்து ஊர் புனிங்கா. இரண்டு வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. மிண்டாராவோ பட்டியலில் முதலிடம். இன்று தோற்றாலும் அந்த இடம் எங்கும் போகாது.

"அந்த ஊர்ல காலு கை நல்லா இருக்கிறவன் எல்லாம் சுரங்க வேலைக்குப் போயிட்டான். பஸ்ஸுல பாதி சீட்டு காலியாத்தான் வரும் பாரு. இதுக்காடா ராத்திரி முழுக்கத் தூங்காம கெடந்தே?" என்றார் கீத்.

மெர்வுக்குக் காற்றைப் பற்றிக் கவலை. கோல் கம்பத்தடியில் தேங்கிய சேற்றைப் பற்றிக் கவலை. எல்லாவற்றுக்கும் மேலே ட்ரென்ட்டின் முழங்காலைப் பற்றிக் கவலை. ட்ரென்ட்தான் மிண்டாராவின் கேப்டன். பந்து அவன் கைக்கு வந்தால் பாதி கோல் விழுந்த மாதிரி. நேற்று மாலை மெர்வே மதுக்கடைக்குப் போய், இரண்டாவது பீருக்குக் கை நீட்டியவனைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டாராம். காலையில் மறுபடியும் போய், அந்த முழங்காலுக்குத் தன் கையாலேயே கட்டுப் போட்டுவிட்டு வந்தாராம். ஊரே பேசிச் சிரித்தது.

"அடுத்த வாரம் அரையிறுதி. இன்னைக்கு அந்தப் பையனை உட்கார வெச்சிருக்கலாம்ல?" என்றார் கீத்.

"இன்னைக்கு அவன் இல்லாம முடியாது."

"கொசு அடிக்க பீரங்கியா?"

மெர்வ் பிளாஸ்கைத் திறந்து இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினார். பிறகு, கீத்துக்குத் தெரியாத ஒரு சேதியைச் சொன்னார். புனிங்காக்காரர்கள் இன்று மாலை கூட்டம் போடுகிறார்கள். ஜெயித்தால் இன்னும் ஒரு வருடம் நடத்திப் பார்ப்பது, தோற்றால் கிளப்பை மூடிவிடுவது என்று பேச்சு.

"உயிருக்குப் போராடுற மாடு எப்படி உதைக்கும்னு உனக்கே தெரியும்," என்றார்.

கீத் மெல்லுவதை நிறுத்தினார். அவருக்கு மனசு கேட்கவில்லை. பெரிய வறட்சி வந்த வருடம் மிண்டாராவில் ஆட ஆளே இல்லை. புனிங்காதான் இரவலாக நாலு பேரைக் கொடுத்து மிண்டாரா கிளப்பை மூடவிடாமல் காப்பாற்றியது. அதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

"பாவம்தான். அதுக்காக நாம என்ன பண்ண முடியும்? ஆட்டம்னா ஆட்டம்தானே."

"ஆமா. ஆட்டம்னா ஆட்டம்தான்."

புனிங்காவின் பஸ் வந்து நின்றது. கீத் சொன்னது சரியாகிவிட்டது, நாலு ஆள் குறைவு. எதிரணிக்கு ஆள் குறைந்தால் உள்ளூர் அணி இரவல் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வழக்கமாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிற சொத்தைகளைத்தான் தள்ளிவிடுவார்கள். அதைக் குறை சொல்பவரும் இல்லை.

மெர்வ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தூறலில் இறங்கி, உடை மாற்றும் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் கவலை கொஞ்சம்கூடக் குறைந்திருக்கவில்லை.

"எந்த நாலு பேரைத் தள்ளிவிட்டே?" என்று கேட்க நினைத்த கீத், அதற்குள் இரண்டாவது சாசேஜ் ரோலின் காகிதத்தைப் பிரித்துவிட்டார். "ட்ரென்ட் எப்படி இருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

"நொண்டாம நடக்கிறான். ஓடுவான்னுதான் நினைக்கிறேன்."

சிவப்புச் சட்டையில் மிண்டாரா அணி மைதானத்துக்குள் ஓடி வந்தது. வேலியைச் சுற்றி எல்லாக் கார்களும் ஹாரன் அடித்தன. கீத் காரின் முன்கண்ணாடியை ஒட்டிக் குனிந்து ஒவ்வொரு முகமாகத் தேடினார்.

"மெர்வ், ட்ரென்ட் எங்கடா?"

மெர்வ் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினார். நீலச் சட்டையில் புனிங்கா அணி வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால், தோளில் இறுக்கிப் பிடித்த இரவல் சட்டையோடு, முழங்காலில் வெள்ளைக் கட்டோடு ட்ரென்ட் ஓடி வந்தான். அவன் பின்னால் மிண்டாராவின் மற்ற மூன்று சிங்கங்கள். மைதானத்தைச் சுற்றி ஒரு ஹாரன்கூட ஒலிக்கவில்லை.

"வறட்சி வருஷம் அவங்க நமக்குப் பெஞ்சுல இருந்தவனையா அனுப்பினாங்க? கேப்டனைத்தானே அனுப்பினாங்க," என்றார் மெர்வ், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கீத் சாசேஜ் ரோலை ஓரமாக வைத்தார். பிறகு மெர்வின் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி, ஹாரனை அழுத்தி வெகுநேரம் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா மெர்வ்," என்றார் கையை எடுக்காமலே. "அவன் முழங்கால் தாங்கும்ல?"