இரண்டு வாசல் கூடு

ஈச்சமரத்தில் இரண்டு விடலைத் தூக்கணாங்குருவிகள் முதன்முதலாகக் கூடு கட்ட வந்தன. அவற்றில் நிதானன் ஒரு புல்லைக் கிள்ளுவதற்கும் முன்னும் பின்னும் யோசிக்கிறவன். "கூட்டுக்கு ரெண்டு வாசல் வச்சா என்ன? பாம்பு ஒண்ணுல நுழைஞ்சா இன்னொண்ணுல பறந்துடலாமே" என்று அவனுக்குத்தான் முதலில் தோன்றியது. அப்புறம் குளிர்காற்று வருமே, நாலு குருவி சிரிக்குமே என்று அலசி ஆராய்ந்து, அப்பன் கட்டிய மாதிரியே ஒரு வாசலோடு முடித்துக்கொண்டான்.

பக்கத்து ஓலையில் மற்றவனான துடுக்கன் கட்டிய கூட்டில் இரண்டு வாசல் இருந்தது.

"ஏன்டா ரெண்டு?" என்று கேட்டான் நிதானன்.

"ஒண்ணு வச்சது மறந்துபோச்சு மச்சான்."

ஒருநாள் பாம்பு வந்தது. துடுக்கன் கூட்டின் ஒரு வாசலில் அது தலையை விட்டதும், அவன் மறு வாசல் வழியாகப் பறந்துவிட்டான். "என்னா மூளைடா!" என்று மரமே கொண்டாடியது.

நிதானனுக்கு வயிறு எரிந்தது. தன் கூட்டுக்குள் இருந்தபடியே கத்தினான்.

"அது என் யோசனை! எல்லாக் கோணத்துலயும் பார்த்து, நான் வேணாம்னு விட்டது! வேணும்னா என் கூட்டை வந்து பாருங்க, ஒரே வாசல்தான்!"

அதைக் கேட்டு முதலில் திரும்பியது பாம்புதான்.