தாகமில்லாத எஞ்சின்

அமெரிக்கப் புல்வெளி நடுவே, நீராவி ரயில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு தொட்டியைக் கட்டினார்கள். வண்டி நின்றது. நின்ற இடத்தில் கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, ஊருக்கு ஒரு பெயர்ப்பலகையும் வந்தது.

"இந்த ஊரே நான் பெற்ற பிள்ளை," என்று தொட்டி பலகையிடம் பீற்றிக்கொள்ளும். வண்டி ஊதும்போதெல்லாம், "கேட்டாயா? தாகம் என்று என்னைக் கூப்பிடுகிறது," என்று சொல்லும்.

ஒருநாள் டீசல் எஞ்சின் வந்தது. தூரத்திலிருந்தே நீளமாக ஊதியது.

"அடேயப்பா, இவனுக்கு எவ்வளவு தாகம்!" என்று தொட்டி குழாயைத் தாழ்த்திக் காத்திருந்தது.

வண்டி நிற்கவில்லை. சரக்கு இறக்க வந்த கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பலகையில் புழுதி படிந்தது.

"என்னைக் கூப்பிட்டதே?" என்றது தொட்டி.

"இல்லையண்ணே," என்றது பலகை. "ஒதுங்கச் சொன்னது."