கலரிக்கு ஒரு தட்டி

“இன்னும் நல்லா அழ விடுப்பா அவள. கண்ணு வீங்கணும். தோட்டத்துக்குப் போறவ.”

தேவசகாயம் சொன்னபடி சின்னராசா அவள் கன்னத்தில் இன்னும் இரண்டு சொட்டுக் கண்ணீரை வரைந்தான். பிறகு தூரிகையைத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் பீடி பற்ற வைத்தான். அட்டன் படக்கொட்டகையின் பின்கட்டில், துணி இழுத்துக் கட்டிய விளம்பரத் தட்டிகள் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன.

எல்லாம் ஒரே படத்துக்குத்தான். பிள்ளையை வெள்ளத்தில் தொலைத்த தாயின் கதை. ஆனால் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர்மார் வீடுகளின் பக்கம் போகும் தட்டியில் தாயும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஒரு குடை, அதன் கீழே ஒரு ஜோடி, மூலையில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான். கடைத்தெருவுக்குப் போவதில் வாள் பிடித்த வீரனும் ஓர் ஆட்டக்காரியும் இருந்தார்கள். படத்தில் அந்த வாள் கண் மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடும்.

தேவசகாயம் கொழும்பில் விளம்பரத் தொழில் படித்தவர். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார். தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவர் வாய் தானாக ஒரு பக்கம் கோணும்.

கொட்டகை முதலாளி சரிபுதீன் வந்து தோட்டத்துத் தட்டியை உற்றுப் பார்த்தார்.

“என்ன தம்பி, இதுல மட்டும் வரிசையா இத்தனை படம்?”

“படிச்சவனுக்கு ஒரு கேள்விக்குறி போதும் முதலாளி. இதுங்களுக்கு எழுத்தும் தெரியாது, யோசிக்கவும் வராது. எல்லாத்தையும் ஊட்டி விடணும். பாருங்க, புள்ள பொறக்குது, வெள்ளம் வருது, புள்ள போகுது, தாய் பிச்சை எடுக்குறா, பாம்பு கடிக்குது, கடைசியில கோயில் வாசல்ல புள்ள வந்து சேருது. இப்படிக் காட்டினாத்தான் அந்த மண்டையில ஏறும்.”

“ஏறுதோ இல்லையோ, கலரி நிறையணும் தம்பி. திரைக்கு முன்னால அந்த மலிவு டிக்கெட்டு எடம் வெறும் பலகையாவே கெடக்குது. சம்பளச் சனிக்கிழமையும் அப்படியே கெடந்தா, மறுநாள் நீங்க கொழும்பு ரயில் ஏறிடணும்.”

“கலரி நிறையலைன்னா நானே ஏறிடுறேன் முதலாளி.”

சொல்லும்போது தேவசகாயம் சிரித்தார். கொழும்பில் இருந்த வேலையை விட்டுவிட்டார் என்பதும், வாடகை அறையைக் காலி செய்துவிட்டார் என்பதும் சரிபுதீனுக்குத் தெரியாது.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில், ஆட்கள் விடியலில் பேர் கொடுத்து மலைக்குப் பிரியும் பெரட்டுக் களங்களில் தட்டிகளை நட்டார்கள். மறுநாளே தேவசகாயம் பஸ் ஏறிப் போனார். செருப்பில் சேறு ஒட்டும் என்று களத்துக்குள் இறங்கவில்லை, ரோட்டிலேயே நின்று பார்த்தார்.

தூறலில் கூடையும் முதுகுமாகப் பெண்கள் தட்டியைச் சுற்றி நின்றார்கள். வீரம்மா என்ற கொழுந்தெடுப்பவள் ஒவ்வொரு படமாக விரலை வைத்து மற்றவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளத்துக்கு வந்ததும் அவள் குரல் உடைந்தது, பக்கத்தில் நின்றவர்கள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். கங்காணி வந்து சத்தம் போட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது.

தேவசகாயம் நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

“டிக்கெட் வாங்காமலே அழுவுதுங்க முதலாளி. சனிக்கிழமை பாருங்க, கலரிக் கதவ ஒடைச்சிடுவாங்க.”

சரிபுதீனுக்கும் நம்பிக்கை வந்தது. இருந்தாலும் ஒரு சங்கடம். ஆற்றங்கரையில் புதிதாக ஒரு கூடாரக் கொட்டகை முளைத்திருந்தது. அவர்கள் ஒட்டியிருந்தது வெறும் மஞ்சள் தாள். அதில் படத்தின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

“எழுத்துத் தெரியாத சனத்துக்கு எழுத்து,” என்றார் தேவசகாயம். “அந்த முட்டாள எனக்குப் போட்டின்னு சொல்லாதீங்க முதலாளி.”

சம்பளச் சனிக்கிழமை மாலையில் தோட்டத்துச் சனம் மெயின் ரோட்டில் சாரிசாரியாக வந்தது. எண்ணெய் படிய வாரிய தலை, பெட்டியில் கிடந்த சேலை, தோளில் கம்பளி, இடுப்பில் பிள்ளை. தேவசகாயம் கலரிக் கதவைத் தன் கையாலேயே திறந்து வைத்தார். சரிபுதீன் டிக்கெட் அறையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

சனம் கொட்டகை வாசல் வரை வந்தது. அப்புறம் நிற்காமல் தாண்டிப் போனது.

இதுகளுக்கு வழிகூடத் தெரியவில்லை என்று எண்ணி, தேவசகாயம் கையைத் தட்டிக் கூப்பிட்டார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், நடந்தார்கள். அவர் சேற்றைப் பாராமல் ரோட்டில் இறங்கி ஓடி வீரம்மாவை மறித்தார்.

“எல்லாரும் எங்க போறீங்க? உங்க படம் இங்கதானே ஓடுது.”

“கூடாரத்துக்குப் போறோங்க ஐயா.”

“அங்க என்ன கதைன்னாவது தெரியுமா உனக்கு?”

“தெரியாதுங்க. அதான் போறோம்.”

“அப்ப இந்தப் படம்? அன்னைக்குக் களத்துல நின்னு அந்த அழுகை அழுதியே.”

வீரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஐயாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

“அதான் புள்ள கெடைச்சிருச்சே. இன்னும் என்னத்தங்க பார்க்கிறது?”