அபஸ்வரச் சான்றிதழ்

மூன்றாவது முறையும் விற்பனைச் செயலி சௌந்தரவல்லியின் பழைய வயலினை ஏற்க மறுத்தது. "நீங்கள் வாசித்து அனுப்பியதில் ஒரு பிசிறுகூட இல்லை. போலி வயலின் விற்பவர்கள் அனுப்பும் கணினி இசைதான் இவ்வளவு சுத்தமாக இருக்கும்." இன்னொரு முறை தவறினால் மோசடிக்காரர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடும்.

முப்பது வருடம் கச்சேரி மேடையில் வாசித்த கை அது.

"வேணும்னே கொஞ்சம் தப்பா வாசிச்சுப் பாரேன்," என்றார் கணவர் புருஷோத்தமன்.

"ரெண்டாவது தடவையே பாத்துட்டேன். நடிக்கிறேன்னு கண்டுபிடிச்சிடுது."

"அப்ப இங்க குடு."

இத்தனை வருடத்தில் அந்த வயலினைத் துடைக்கக்கூட அவரை விட்டதில்லை. சௌந்தரவல்லி அதைக் கொடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். புருஷோத்தமன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, உருக்கமாக வில்லை இழுத்தார். தெருவில் இரண்டு நாய்கள் பதில் கொடுத்தன.

திரை பச்சையானது. "உண்மையான வயலின். உண்மையான மனிதர்." ஒரு மணி நேரத்தில் நெய்வேலிக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார்.

மறுநாள் காலை, கீழ்வீட்டு வீணைக் கலைஞர் கிரிஜா வாசலில் நின்றார்.

"அக்கா, என் வீணையை ரெண்டு மாசமா போலின்னே சொல்லுது. சாரைக் கொஞ்சம் கீழ அனுப்புறீங்களா?"

சௌந்தரவல்லி உள்ளே திரும்பிப் பார்த்தார். புருஷோத்தமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கச்சேரி எத்தனை மணிக்குன்னு கேளு."